ஊசியிலைக் கூடையும் நான்கு நாள் பேச்சும்

முதல் நாள்

மாலை நான்கு மணியளவில் வந்து சேர்ந்தோம். வழியைப் பற்றி எழுத அதிகமில்லை. வளைவுகளில் இருவருக்குத் தலை சுற்றியது, ஒருத்தி தூங்கினாள், நான் வண்டி ஓட்டினேன்.

நாங்கள் நால்வரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஆண்டுக்கொரு முறை எங்காவது நான்கு நாள் சேர்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இதுவரை போன பயணங்களில் பார்த்த இடங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதே தவிர, உட்கார்ந்து பேசிய நேரம் குறைந்துகொண்டுதான் வந்தது. அதனால் இம்முறை எதையும் சுற்றிப் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் உட்கார்ந்து கையால் ஏதாவது செய்யக் கற்பது என்று முடிவாயிற்று. பைன் மரத்தின் ஊசியிலைகளைக் கொண்டு கூடை செய்யக் கற்றுத் தருகிற ஓர் அம்மையாரின் வீட்டு மாடியே எங்களுக்குத் தங்குமிடமாகவும் அமைந்தது.

வந்த களைப்பு ஆறுமுன்பே ஆளுக்கொரு துணிப்பையைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த பைன் காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். கூடைக்கு முதல் பாடம் குனிவது என்றார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது அரை மணி நேரத்தில் இடுப்புக்குத் தெரிந்தது.

பைன் இலைகள் தனித்தனியாக முளைப்பதில்லை. இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் ஒரு கொத்தாக, அடியில் காகிதம் போன்ற ஓர் உறைக்குள் செருகியதுபோல் வளர்கின்றன. மரம் எந்த இனம் என்று அறிய இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கூடைக்காரருக்கு வேண்டியது நீளம். அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் நீளிலைப் பைனின் ஊசிகள் 20 முதல் 45 செ.மீ. வரை வளர்வதால் இக்கலையில் அதற்கே முதல் மரியாதை. இமயமலைச் சரிவுகளிலுள்ள சிர் பைனின் ஊசிகளும் 20 செ.மீ.க்கு மேல் வளர்கின்றன. இவ்விரண்டும் மும்மூன்றாகக் கொத்துக் கட்டுபவை. ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் ஸ்காட்ஸ் பைனுக்கோ இரட்டை ஊசிகள். விரல் நீளம்கூடப் பெரும்பாலும் வராது, அதை வைத்துக்கொண்டு கூடை செய்யப் புகுந்தால் தைப்பதைவிடச் செருகுவதிலேயே நாள் போய்விடும். நாங்கள் நின்ற மரங்களின் ஊசி என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வந்தது. மூன்று ஊசிக் கொத்துதான்.

தரையில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடந்தும், அள்ளிப் போட்டுக்கொள்ள அனுமதியில்லை. மேலாகக் கிடக்கும் இளம்பழுப்பு ஊசிகளைத்தான் எடுக்க வேண்டும். அடியிலுள்ளவை மழையில் நனைந்து சாம்பல் நிறமாகிக் கரும்புள்ளி விழுந்தவை, வளைத்தால் ஒடியும். புதர்களின் மேல் விழுந்து, மண்ணைத் தொடாமலே தொங்கிக்கொண்டிருப்பவைதாம் இருப்பதிலேயே சிறந்தவை. கைக்கு எட்டிய கிளையிலிருந்து ஒருத்தி பச்சை ஊசிகளை உருவப் போனபோது அம்மையார் தடுத்தார். பச்சையாக வைத்துத் தைத்தால் தைக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். உலர உலர ஊசி சுருங்கி, ஒரே மாதத்தில் கூடை பல்லாடுவதுபோல் ஆடத் தொடங்கிவிடும் என்றார். பச்சை நிறம் வேண்டுமென்று பறிப்பவர்கள் அவற்றை நிழலில் முழுதாக உலர்த்திய பிறகே பயன்படுத்துகிறார்கள்.

மெழுகும் பிசினும் கொண்ட இந்தச் சருகு எளிதில் மக்குவதில்லை. கோடையில் அது காட்டுத்தீக்கு நல்ல தீனி. உத்தராகண்டில் பிருல் என்று அழைக்கப்படும் சிர் பைன் சருகு ஒவ்வோர் ஆண்டும் அங்குள்ள காடுகளில் நெருப்பைப் பரப்புவதில் பெரும்பங்கு வகிக்கிறது. அதைச் சேகரித்துக் கூடைகளும் பிற பொருள்களும் செய்கிறவர்களும் அங்கு இருக்கிறார்கள். கூடை செய்தால் காட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் பேசுவது எனக்கு மிகையாகத்தான் படுகிறது. ஒரு மணி நேரம் குனிந்து நால்வரும் பொறுக்கியது ஒரு தலையணை உறையைக்கூட நிரப்பவில்லை.

இரவு படுக்கப் போகுமுன் ஊசிகளை ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் அலசி, உறைப் பக்கமெல்லாம் ஒரே திசையில் இருக்குமாறு அடுக்கி, சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துண்டில் சுருட்டி வைத்தோம். அறை முழுவதும் பிசின் வாசனை.

இரண்டாம் நாள்

விடிந்ததும் துண்டைப் பிரித்தபோது நேற்றுச் சடசடத்த ஊசிகள் நூலைப்போல் துவண்டு கிடந்தன. விரலில் சுற்றினாலும் ஒடியவில்லை. முதல் வேலை உறை நீக்குவது. கொத்தின் அடியிலிருக்கும் அந்தச் சிறு தொப்பியை நகத்தால் கீறி இழுத்தால், நன்றாக ஊறியதாக இருந்தால், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சிலர் அதை நீக்காமல் வெளிப்புறமாகத் தெரியும்படி விட்டு, அந்தக் கருமுனைகளையே அலங்காரமாக்கிக்கொள்வார்களாம். எங்களுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. ஆளுக்கு நூற்றைம்பது கொத்து என்று கணக்கு. நூறைத் தாண்டும்போது என் கட்டைவிரல் நகத்தின் ஓரம் பழுப்பாகிப் பிசுபிசுத்தது.

இந்தக் கூடை பின்னப்படுவதில்லை, தைக்கப்படுகிறது. இதை நான் இங்கு வந்துதான் புரிந்துகொண்டேன். பிரம்பையோ ஓலையையோ குறுக்கும் நெடுக்குமாக விட்டு முடைவது வேறு குடும்பம். இங்கே ஊசிகளைத் திரிபோல ஒன்றுசேர்த்து, அத்திரியை நத்தை ஓட்டைப்போலச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றையும் அதற்கு முந்தைய சுற்றோடு நூலால் தைத்துக்கொண்டே போக வேண்டும். பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையைப் பார்த்தவர்களுக்கு இதன் தொடக்கம் புதிதாகத் தோன்றாது. ஆக, ஊசியை ஊசியால் தைக்கிறோம். இதை வைத்து நாள் முழுவதும் சிலேடை செய்துகொண்டிருந்தாள் ஒருத்தி. மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கருவிகள் மிகக் குறைவு. மழுங்கிய முனையும் பெரிய காதும் கொண்ட ஒரு தையலூசி, மெழுகேற்றிய லினன் நூல், கத்தரிக்கோல், பிறகு ஒரு குழாய்த்துண்டு. ராஃபியா பனையின் ஓலையிலிருந்து உரிக்கும் நாரிலும் தைப்பதுண்டு. ஆனால் அது இழைபிரிந்து தொடக்கக்காரரின் பொறுமையைச் சோதிக்கும் என்று அம்மையார் அதை எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. முக்கியமானது குழாய்தான். இரண்டு செ.மீ. நீளத்தில் வெட்டிய, உட்புறம் ஏறத்தாழ 6 மி.மீ. அகலமுள்ள செம்புக் குழாய். உறிஞ்சுகுழலை வெட்டி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். திரி இதற்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. குழாய் நிறைந்திருக்கும்வரை திரி ஒரே பருமனாக இருக்கிறது என்று பொருள். தைத்துக்கொண்டு போகப் போக உள்ளேயிருக்கும் ஊசிகள் ஒவ்வொன்றாக முடிந்துபோகும், திரி இளைக்கும், குழாய் தளர்ந்து ஆடும். அது ஆடுவதற்கு முன்பே புதிய கொத்து ஒன்றைத் திரியின் நடுவில், முனை வெளியே தெரியாதபடி, செருகிவிட வேண்டும். இதை ‘ஊட்டுவது’ என்றார் அம்மையார். தையல் எப்படியிருந்தாலும் கண் மன்னித்துவிடும், ஊட்டத் தவறியதை மன்னிக்காது என்றும் சொன்னார்.

தொடங்குவதுதான் கடினம். நான்கைந்து கொத்துகளை மட்டும் சேர்த்து, ஒரு முனையில் இரண்டு செ.மீ. நீளத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றி, அந்தப் பகுதியை வளைத்து ஒரு பட்டாணி அளவுக்கு வளையமாக்க வேண்டும். என்னுடையது இரண்டு முறை படக்கென ஒடிந்தது. போதுமான ஈரமில்லை என்று சொல்லி, அம்மையார் அந்த முனையைச் சுடுநீர்க் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். மூன்றாம் முறை வளைந்தது. வளைந்த வேகத்தில் நான் அதை நழுவவிட, சுற்றிய நூல் முழுவதும் பிரிந்துகொண்டது. “விடும்மா, விரலுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார். நான்காம் முறைதான் நின்றது. இந்த வளையம் பிடிபடாதவர்களுக்காகச் சுற்றிலும் துளையிட்ட மரவில்லைகளும் அவரிடம் இருந்தன. வில்லையின் துளைகளில் முதல் சுற்றைத் தைத்துவிட்டால் நடுப்பகுதித் தொல்லையே இல்லை. எங்களில் ஒருத்தி வெட்கப்படாமல் அதை வாங்கிக்கொண்டாள். மாலையில் நால்வரின் அடித்தட்டுகளில் அவளுடையதுதான் பார்க்க அழகாக இருந்தது.

தையலைச் சொல்ல வேண்டும். தையலூசியைப் பின்புறத்திலிருந்து முன்புறமாக, கீழ்ச்சுற்றின் மேலோரத்திலுள்ள ஐந்தாறு ஊசியிலைகளை மட்டும் பற்றிக்கொண்டு வரும்படி குத்த வேண்டும். முழுத்திரியையும் சுற்றி வளைக்கக் கூடாது. நூல் புதிய திரியின் மேலாகப் பின்னால் போய் மீண்டும் கீழே குத்தும். இரண்டாம் சுற்றிலிருந்து, முந்தைய சுற்றின் தையலுக்கு நேர் அருகில், அதன் நூலையே இரண்டாகப் பிளந்துகொண்டு குத்தினால், தையல்கள் ஒன்றன்மேலொன்று ஏறி நடுவிலிருந்து கதிர்கள்போல் சாய்ந்து விரியும். சுற்று பெரிதாகப் பெரிதாகக் கதிர்களுக்கு இடைவெளி கூடும். ஒரு விரலகலத்துக்கு மேல் விலகிவிட்டால் இடையில் புதிய கதிர் ஒன்றைத் தொடங்க வேண்டும். நேர்த்தையலும் சாய்தையலும் ஒரே துளையிலிருந்து கிளம்பும்படி இருமுறை குத்தினால் அது கோதுமைக் கதிர்போல் தெரியும்; அதை நாளைக்கு என்றார்.

இடக்கைப் பழக்கமுள்ள தோழிக்குத்தான் காலை முழுவதும் சங்கடம். எங்கள் சுருள் ஒரு திசையில் போக, அவளுடையது எதிர்த்திசையில் போயிற்று. அம்மையாரின் கையைப் பார்த்துச் செய்ய முடியாமல் தவித்தாள். பிறகு அவர் அவளுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து எதிரில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அத்தனையும் பொருந்திவிட்டது.

பிற்பகலில்தான் பேச்சு வந்தது. கைக்கு வேலை பழகிவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். எங்களில் எப்போதும் குறைவாகப் பேசுகிறவள், குனிந்த தலை நிமிராமல், ஆறு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டதாகவும், இதுவரை வீட்டைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஏன், எப்படி, அடுத்து என்ன என்று நாங்கள் மூவரும் மாறி மாறிக் கேட்டோம். அவள் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு, இடையிடையே ஒரு கொத்தை எடுத்துச் செருகிக்கொண்டு, தைத்துக்கொண்டேயிருந்தாள். விளக்கைப் போடுகிற நேரத்தில் அம்மையார் வந்து நான்கு அடித்தட்டுகளையும் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மூன்றில் ஐந்தாவது சுற்று இளைத்துப்போயிருந்தது. “இந்த இடத்தில் என்ன பேசினீர்கள்?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நான்காவது தட்டு மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன்.

மூன்றாம் நாள்

விடாத மழை. வெளியே போகும் ஆசை எங்களில் யாருக்காவது மிச்சமிருந்திருந்தால் அதுவும் தீர்ந்தது.

இளைத்த சுற்றைப் பிரித்துவிடலாமா என்று காலையில் ஓர் ஆலோசனை நடந்தது. பிரிப்பது தைப்பதைவிட மெதுவான வேலை. ஒவ்வொரு தையலையும் பின்னோக்கி உருவ வேண்டும், ஒருமுறை குத்துப்பட்ட ஊசியிலைகள் சில கிழிந்துபோயிருக்கும். இருவர் பிரிக்க விரும்பவில்லை. நான் பிரிக்கத் தொடங்கி, அரைச் சுற்று போனபின், மீதியை அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று சுவர் எழுப்பினோம். அடித்தட்டு உள்ளங்கை அகலம் வந்ததும், அடுத்த சுற்றை முந்தையதன் பக்கத்தில் வைக்காமல் அதன் மேல் வைக்க வேண்டும். சரியாக மேலே வைத்தால் சுவர் செங்குத்தாக நிற்கும். அரைத்திரி வெளியே தள்ளி வைத்தால் கிண்ணம்போல் விரியும். உள்ளே தள்ளினால் குடம்போல் குவியும். அச்சு இல்லை, சட்டம் இல்லை. அடுத்த திரியைப் பெருவிரல் எங்கே அழுத்திப் பிடிக்கிறதோ அதுதான் வடிவம். நான் செங்குத்தான சுவர் ஒன்றை மனத்தில் வைத்திருந்தேன். நான்காவது சுற்றில் பார்த்தபோது ஒருபக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் சாய்ந்தும் இருந்தது. நூலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் என்னையறியாமல் கூடையை மார்பை நோக்கிச் சாய்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கூடையைத் தரையில் வைத்து, கண்மட்டத்துக்குக் குனிந்து பார்க்கச் சொன்னார் அம்மையார். நேற்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்றுச் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது என்பதும் உண்மை.

மதியம் அவர் தம்முடைய பழைய கூடைகளை எடுத்துக் காட்டியபோது பேச்சு இக்கலையின் வயதுக்குப் போயிற்று. சுருட்டித் தைக்கும் முறை மிகப் பழையது. எகிப்தின் ஃபையூம் பகுதியில், பொ.ஆ.மு. 5ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த வேளாண் மக்கள் தானியத்தைச் சேமித்த குழிகளின் உட்புறத்தில் வைக்கோலைச் சுருட்டித் தைத்த பாயும் கூடையுமாகப் பதித்திருந்தார்கள். 1920களில் நடந்த அகழாய்வில் அவை கிடைத்தன. பைன் ஊசியைக் கொண்டு இம்முறையில் செய்வதில் அமெரிக்காவின் லூசியானாவில் வாழும் கௌஷாட்டா பழங்குடியினர் பெயர்பெற்றவர்கள். கூடை மட்டுமல்லாமல் ஆமை, பறவை போன்ற உருவங்களையும் அவர்கள் தைக்கிறார்கள். அவர்களுக்கு இலை தரும் நீளிலைப் பைன் காடுகள் ஒருகாலத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர் பரப்பில் இருந்தவை. மரத்துக்காகவும் பிசினுக்காகவும் வெட்டப்பட்டும், பயிர்நிலமாக்கப்பட்டும் 1990களில் அவை சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கின. கூடைக்காரர் தரையில் விழுந்ததைத்தான் எடுக்கிறார். மரம் நிற்காத இடத்தில் விழுவதற்கு என்ன இருக்கிறது?

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் குழாய் ஒருமுறைகூட ஆடவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நேற்றைய கேள்விக்குப் பிறகு நாங்கள் எல்லாருமே ஒரு வாக்கியம் பேசுவதும் ஒருமுறை குழாயைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தோம். அதனால் பேச்சே மாறிவிட்டது. ஒருத்தி பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, கொத்தைத் தேடி எடுத்து, செருகி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். மற்றவர்கள் குறுக்கிடாமல் காத்திருந்தோம். இருபது ஆண்டுப் பழக்கத்தில் நாங்கள் ஒருவரையொருவர் முழு வாக்கியம் முடிக்கவிட்டது இதுவே முதல் முறையாக இருக்கும்.

வேலையை விட்ட தோழி கோதுமைக் கதிர் தையலை இன்றே பிடித்துக்கொண்டாள். அவளுடைய சுவரில் ஆறு சுற்றுக்கும் கதிர்கள் ஒரே சாய்வில் ஏறியிருந்தன. “உனக்கு இது எங்கிருந்துடி வந்தது?” என்று கேட்டதற்கு, ஆறு மாதமாகக் காலை பத்து மணிக்குச் செய்ய வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து பழகியிருக்கிறேன், வேறொன்றும் இல்லை என்றாள்.

நான்காம் நாள்

முடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சுவர் எந்த இடத்தில் தொடங்கியதோ, அதற்கு நேர்மேலேதான் வாய்விளிம்பு முடிய வேண்டும்; இல்லாவிட்டால் ஒருபக்கம் ஒரு திரி உயர்ந்து விளிம்பு கோணலாகும். அந்த இடத்துக்கு ஐந்து விரற்கடை முன்பே ஊட்டுவதை நிறுத்திவிட வேண்டும். திரி தானாக இளைத்துக்கொண்டே வரும். இரண்டு நாளாகத் திட்டு வாங்கிய அதே இளைப்பை இப்போது வேண்டுமென்றே வரவழைக்கிறோம். மிஞ்சிய முனைகளைச் சாய்வாகக் கத்தரித்து, எலிவாலைப்போல் கீழ்ச்சுற்றின்மேல் படியவைத்து, நெருக்கமாகத் தைத்து, நூலின் நுனியை உட்புறத்தில் இரண்டு தையலுக்கடியில் இழுத்துக்கொண்டு வெட்டினால் முடிந்தது. எனக்கு மொத்தம் பதினொரு மணி நேரம் ஆகியிருக்கிறது. கூடைக்குள் ஓர் ஆரஞ்சுப்பழம் உட்காரும், இரண்டாவது பழத்துக்கு இடமில்லை.

கடைசியாக மெழுகு. தேன்மெழுகைக் கிண்ணத்திலிட்டு, அக்கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்து உருக்கினார் அம்மையார். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும் என்பதால் இதில் மட்டும் எங்களைக் கைவைக்க விடவில்லை. தூரிகையால் உள்ளும் புறமும் பூசிய கூடை முதலில் வெள்ளை படிந்து பரிதாபமாகத் தெரிந்தது. மிதமான சூட்டிலிருந்த ரொட்டி சுடும் அடுப்புக்குள் சில நிமிடங்கள் வைத்து எடுத்ததும் மெழுகு முழுவதும் ஊசிகளுக்குள் இறங்கி, பழுப்பு நிறம் அடர்ந்து, தேன் வாசனையும் பிசின் வாசனையும் கலந்து வந்தன. கையில் எடுத்தபோது நேற்றைய நெகிழ்ச்சி போயிருந்தது. ஆறியதும் தட்டினால் டக்கென்றது. மெழுகு பூசியதும் குறைகள் மறைந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். மாறாக, பளபளப்பு ஏறியதும் ஐந்தாவது சுற்றின் பள்ளம் இன்னும் துலக்கமாகிவிட்டது. சுண்டுவிரலை வைத்தால் சரியாகப் படிகிறது.

மற்ற இருவரின் கூடைகளையும் வாங்கித் தடவிப் பார்த்தேன். ஏறக்குறைய அதே இடத்தில்தான் அவர்களுக்கும் பள்ளம்.

மூன்று கூடைகள்தான் முடிந்தன. எதிர்த்திசையில் சுற்றியதால் இரண்டாம் நாளில் நேரம் இழந்த இடக்கைக்காரிக்கு விளிம்பில் இரண்டு சுற்று பாக்கி. மெழுகுக்கட்டி ஒன்றையும் ஊறிய கொத்துகளை ஈரத்துணியில் சுற்றியும் அம்மையார் அவளிடம் கொடுத்தனுப்பினார். வண்டி கிளம்பியதும் அவள் பின்னிருக்கையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தைக்கத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு கொத்தாக எடுத்து நீட்டினாள். முதல் வளைவில் தையலூசி விரலில் குத்தியது. “திருப்பும்போது முன்னாடியே சொல்லுடி” என்று கத்தினாள். அதன் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும், இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.